பிடித்த நாயை மறுபடி அதே தெருவில் விடுவது ஏன்? காதில் இருக்குது விடை!

சென்னை,

"போன வாரம்தான் வண்டியில வந்து வலை போட்டுப் பிடிச்சிட்டுப் போனாங்க. இன்னைக்கு அதே நாயை அதே முக்குல கொண்டாந்து இறக்கிட்டுப் போறாங்க. இது என்ன கூத்து?"

சென்னையில் டீக்கடை பெஞ்சிலும், மளிகைக் கடை வாசலிலும் அடிக்கடி காதில் விழும் புகார் இது.

புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்கும், விடியற்காலையில் பால் வாங்கப் போகும் பெண்ணுக்கும்தான் தெரியும், நாலு நாய் சேர்ந்து உறுமினால் வயிறு எப்படிக் கலங்கும் என்று. 2024-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாகி இருக்கின்றன.

ஆனால் பிடித்த நாயைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அலட்சியம் அல்ல. கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டது சென்னையிலேயே பிறந்த ஒரு பிராணிகள் காப்பகம்.

விமானி வீட்டு நாய்க்குட்டிகள்

1959-ம் ஆண்டு. தி.நகரைச் சேர்ந்த விமானி கேப்டன் வி.சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். 1951-ல் லண்டனில் இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானத்தை ஓட்டி வந்து பெயர் வாங்கிய தம்பதி இவர்கள்.

வீட்டிலேயே தொடங்கிய அந்தக் காப்பகம்தான் 'புளூ கிராஸ்'. 1964-ல் முறைப்படி பதிவானது. இன்று கிண்டி வேளச்சேரி மெயின் ரோட்டில் இருக்கிறது. லாப நோக்கம் கிடையாது. லாரியில் அடிபட்ட நாய், கிணற்றில் விழுந்த பூனை, காலொடிந்த மாடு என்று எது வந்தாலும் வைத்தியம் நடக்கிறது. பொதுமக்கள் தரும் நன்கொடையும் தொண்டர்களின் உழைப்பும்தான் அதன் பலம்.

நாளுக்கு 135 நாய்கள்!

அந்த நாளில் தெருநாய்த் தொல்லைக்கு மாநகராட்சி அறிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். பிடிப்பது, கொல்வது! வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வழக்கம் அது. 1990-களின் நடுவில் நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்கிறது புளூ கிராஸ்.

நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறைந்ததா? இல்லை!

காரணம் எளிது. குப்பைத் தொட்டியும், கறிக்கடைக் கழிவும், ஓட்டல் மிச்சமும் இருக்கும் இடம் ஒரு நாய்க்கூட்டத்தின் 'ஏரியா'. அங்குள்ள நாயைப் பிடித்துப் போய்விட்டால், சாப்பாடு அப்படியே இருக்கும், காவல் இருக்காது. பக்கத்து ஏரியா நாய் வந்து குடியேறிவிடும்.

புதிதாக வந்த நாய்க்குத் தெரு ஆட்களைத் தெரியாது. தடுப்பூசியும் போட்டிருக்காது. சண்டை, குரைப்பு, கடி எல்லாம் அதனால் வருவதுதான். போதாக்குறைக்கு, பெட்டை நாய் இரண்டே மாதத்தில் குட்டி போடும். வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூட உண்டு. ஈற்றுக்கு நாலைந்து குட்டி!

நாய்க்கும் குடும்பக் கட்டுப்பாடு

"கொல்ல வேண்டாம். கருத்தடை ஆபரேஷன் செய்து விட்டுவிடுங்கள்" என்று 1960-களிலேயே புளூ கிராஸ் கேட்டது. கேப்டனின் மகன், என்ஜினீயர் டாக்டர் சின்னி கிருஷ்ணா இதற்காக விடாமல் நடையாய் நடந்தார். மாநகராட்சி அதை நகரம் முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது 1996-ல்தான். 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் புது விதிகள் வந்தன.

பிடித்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்கிறார்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டு. 'இது ஆபரேஷன் ஆன நாய்' என்பதற்கு அதுவே அடையாளம். புண் ஆறியதும், பிடித்த இடத்திலேயே இறக்கி விடுகிறார்கள்.

திரும்பி வந்த நாய் வெளி நாயை உள்ளே விடாது. தானும் பெருகாது. சம்பளம் வாங்காத வாட்ச்மேன்!

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும், ஆபரேஷனும் ஊசியும் முடிந்த நாயை அதே இடத்தில் விடலாம் என்றது. வெறி பிடித்ததற்கும் மூர்க்கமானதற்கும் அது பொருந்தாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலைய வளாகங்களில் பிடித்ததை அங்கே திரும்ப விடக்கூடாது என்று நவம்பரில் உத்தரவாயிற்று.

பாக்கி வேலை

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் ஆனவை ஏறக்குறைய நாலில் ஒன்றுதான். வெறிநாய் நோயின் சங்கிலி அறுபட வேண்டுமானால், நூற்றுக்கு 70 நாய்க்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதையும் வருஷா வருஷம் போட வேண்டும். 2025-ல் மாநகராட்சி தெருத்தெருவாகத் தடுப்பூசி போடத் தொடங்கியது இதற்காகத்தான்.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. கழிவை ரோட்டில் கொட்டாமல் இருந்தாலே, வெளி நாய் வருவது பாதி குறையும். காது வெட்டு இல்லாத நாய் தெருவில் இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம்.

கடித்துவிட்டால்?

காது வெட்டிய நாய்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது.

நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். கடித்த நாளில் ஒன்று, பிறகு 3-வது, 7-வது, 28-வது நாட்களில் என்று தேதி குறித்துத் தருவார்கள். ரத்தம் வந்த காயத்துக்குக் கடித்த இடத்திலேயே தனி மருந்தும் உண்டு.

"முதல் ஊசி போட்டாச்சு, காயம் ஆறிடுச்சு" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. மரணம்தான்! ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், ஊசித் தேதி தவறக் கூடாது.

அடுத்த தடவை டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தால், கல்லைத் தேடும் முன் அதன் காதைப் பாருங்கள். வெட்டு இருந்தால் அது வேலையில் இருக்கிற வாட்ச்மேன். இல்லாவிட்டால், அதை வேலையில் சேர்க்க ஒரு போன் போதும்!