ஆள் எடுக்க ஒரு பரீட்சை

கடைக்கு ஆள் தேவையென்றால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். தெரிந்தவரிடம் சொல்லி வைப்போம். அவர் அனுப்பும் பிள்ளையிடம் ஊரையும் வாப்பாவின் பெயரையும் விசாரிப்போம். முகம் பிடித்துப்போனால் நாளைக்கே வரச் சொல்வோம். சிபாரிசுக்கு ஆளில்லாத ஏழைப் பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வாசலோடு திரும்பிவிடுகிறான்.

அமெரிக்க ஆய்வாளர்களான ஷ்மிட்டும் ஹண்டரும் 1998இல் 85 வருட கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் வைத்து ஆளெடுப்பது பெரிதாக உதவாது, வேலையையே சிறிது செய்யச் சொல்லிப் பார்ப்பது நன்கு உதவும் என்று கண்டார்கள். 2022இல் வந்த மீளாய்வு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சையை முதலிடத்தில் வைத்தது.

எனது ஹாட்வெயார் கடையில் விற்பனையாளருக்கு 20 நிமிடப் பரீட்சை வைக்கிறேன். 1,850 ரூபா பெயின்ட் டின் 12, கழிவு 5 வீதம். பில் எழுத வேண்டும். விடை 21,090 ரூபா. அடுத்து, இருப்புப் புத்தகத்தையும் இறாக்கையையும் ஒப்பிட்டுக் குறைவதைச் சொல்ல வேண்டும். தாளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே. திருத்துபவருக்கு அது யாருடைய பிள்ளை என்று தெரியாது.

வேலைக்குத் தேவையானதை மட்டும் சோதியுங்கள். மூட்டை இறக்குபவருக்கு ஆங்கிலக் கட்டுரை எதற்கு? நாணயத்தையும் தாள் காட்டாது. அதற்குச் சில மாதங்கள் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சொந்தக்காரப் பிள்ளையும் பரீட்சைக்கு வரட்டும். தேறினால் யாரும் குறை சொல்ல முடியாது. தேறாவிட்டால், சிபாரிசு செய்த மச்சானிடம் காட்ட விடைத்தாள் கையில் இருக்கும்.