கயிறு போய் ரெசின் வந்த கரை

கட்டுமரத்துக்கு ரிப்பேர் என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும். மறுபடி கட்டும்போது இற்ற மரம் எது, நைந்த கயிறு எது என்று கைக்கே தெரிந்துவிடும். அதை மட்டும் மாற்றுவார்கள். கரைவலைக்குப் போன படவும் அப்படித்தான். ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள். தையல் விட்ட இடத்தைப் பிரித்துத் தைத்தால் முடிந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நின்றே சிறுவர்கள் பாதித் தொழிலைக் கற்றார்கள்.

நல்ல பெருமரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிய காலத்தில் பைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஆயிரக்கணக்கில் கரையிறங்கியது. அவசரத்தில் மெல்லிசாக வார்த்த படகுகளும் அவற்றில் இருந்தன. இன்று டிராக்டர் இழுத்துக் கரையேற்றும்போது அடிப்பக்கம் மணலில் தேய்கிறது. அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் மோதினால் கீறல் விழுகிறது. அதைச் சரிசெய்ய முடிச்சு உதவாது, ரசாயனம் தெரிய வேண்டும்.

புதிதாகக் கற்பவர் ரெசின் டப்பாவைத் திறக்க அவசரப்படுவார். முக்கால் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் அறவே போகும்வரை காயவிட வேண்டும். கீறலைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் உறுதி, மொத்தென்றால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. மொத்தென்று கேட்கும் இடம் முழுவதையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டர். இறுகிப்போன பழைய பைபரோடு புது ரெசின் ரசாயனமாகக் கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துத்தான் நிற்கும். வெறும் பசையை அப்பி மேலே பெயிண்ட் அடித்த இடம் சில நாள் கடலில் அடிபட்டதும் பெயர்ந்து வருவது இதனால்தான்.

அடுத்தது கலவை. ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்குச் இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவம் சுமார் 10 மில்லி. அதை நன்றாகக் கலக்கிய பிறகே ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 20 மில்லி. கோபால்ட்டும் ஹார்ட்னரும் ஒருபோதும் நேராகச் சந்திக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியில்லாமல் தொடக் கூடாது. வெயிலில் கலவை பாகு முற்றுவதுபோல் சில நிமிடங்களில் திரண்டுவிடும், குவளையே சுடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

பிறகு ‘மேட்’ எனும் கண்ணாடியிழை விரிப்பை வைத்து, ரெசின் கலவையைப் பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் குடித்ததும் கண்ணாடிபோல் தெளியும். வெள்ளைப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே காற்று மாட்டியிருக்கிறது, ரோலரால் உருட்டி வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று அடுக்கு போட்டுச் சூடு தணிந்த பிறகுதான் அடுத்தது.

இந்த அறிவு இன்று கூலிக்கு வரும் சிலரிடம் தங்கிவிட்டது எனக்கு வருத்தம். கயிறு முறுக்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது எட்டாத வித்தையில்லை. அளக்கும் குவளையும் முகமூடியும் கொடுத்து ஒவ்வொரு குப்பத்திலும் நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும். இற்ற கட்டுமரம் விறகாயிற்று. பைபர் மக்காது, எரித்தால் நச்சுப் புகை. சின்னக் கீறலோடு ஒதுக்கிப்போட்ட படகு கரையை அடைத்துக்கொண்டு கிடக்கும். வேலை முடிந்ததும் தேய்த்த தூளையும் மேட் துண்டுகளையும் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிவிடுங்கள். அந்த மணலில்தான் மீன் காய்கிறது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.