கொல்லிமலையில் ஒரு குளிர்கால லீவு நாள்: ஸ்பாட் பார்க்காம என்ன பண்றது?

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

டிசம்பர் கடைசி வாரம், ஜனவரி முதல் ரெண்டு வாரம். ஐ.டி.ல இருக்கிற நம்மில் பலருக்கு இந்த நேரத்துல ஒரே நிலைமைதான். மிச்சமிருக்கிற லீவைப் போட்டே ஆகணும், இல்லேன்னா காலாவதி ஆயிடும். லீவைப் போட்டாச்சு, கொல்லிமலையில ரூமும் புக் பண்ணியாச்சு. அடுத்து எல்லாரும் பண்றது "கொல்லிமலை டாப் 10 ஸ்பாட்ஸ்"னு தேடுறது. ஆகாய கங்கை, மாசிலா அருவி, அரப்பளீஸ்வரர் கோயில், படகு இல்லம், வியூ பாயின்ட். காலையில ஏழு மணிக்குக் கிளம்பி, ராத்திரி ஏழு மணிக்கு லிஸ்ட்டை முடிச்சுட்டு, காலு வலியோட தூங்கிடுவோம்.

அது தப்புன்னு சொல்ல வரலை. முதல் தடவை போறவங்க ஆகாய கங்கையைப் பாருங்க. ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஏறணும், கீழே நின்னு அந்த முந்நூறு அடி உயரத்தை அண்ணாந்து பார்த்தா படி மறந்து போயிடும். ஆனா இன்னைக்கு எபிசோட் ரெண்டாவது நாளைப் பத்தி. எங்கேயும் ஓட வேண்டாத ஒரு முழு நாள், குளிர், கையில ஒண்ணும் இல்ல. அந்த நாளை எப்படி நிரப்புறது?

எனக்குத் தோணுறது இதுதான். நம்ம லீவு சீசன், கொல்லிமலைக்கு அறுவடை சீசன். அந்த மலை அன்னைக்கு என்ன பண்ணிட்டு இருக்கோ, அது பக்கத்துல உட்கார்ந்து செய்யற சின்னச் சின்ன வேலைதான் அங்கே நல்ல பொழுதுபோக்கு. அப்படி அஞ்சு வேலை சொல்றேன்.

1. 70 வளைவு, 8 ரீடிங்

முதல் வேலை மலை ஏறும்போதே ஆரம்பிச்சுடுது. காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேலே போற சாலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கு. இதை விட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் எடுத்துக்கோங்க. பஸ்ல ஜன்னலோரம் உட்காருங்க. அடிவாரத்துல ஒரு ரீடிங், அப்புறம் பத்து வளைவுக்கு ஒண்ணு. மொத்தம் எட்டு. (பைக் ஓட்டுறவங்களுக்கு இந்த வேலை கிடையாது. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க செய்யட்டும்.)

பொதுவா 1000 மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையுது, காத்து விரியுது, விரியும்போது குளிருது. கொல்லிமலையோட மேல்பகுதி கடல் மட்டத்துல இருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர். அதனால கீழே நாமக்கல்ல 20 டிகிரி இருந்தா, மேலே 13, 14னு எதிர்பார்க்கலாம்.

ஆனா குளிர்கால விடிகாலையில இந்தக் கணக்கு உதைக்கும். அதுதான் சுவாரஸ்யமே. மேகம் இல்லாத, காத்து அடிக்காத ராத்திரியில தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுடும். தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கனமாகி, சரிவு வழியா இறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதனால அதிகாலையில அடிவாரத்தை விட இருபதாவது வளைவு கொஞ்சம் கதகதப்பா இருக்கலாம். மேலே போனதும் வயல் பள்ளத்துல மட்டும் பால் ஊத்தின மாதிரி பனிமூட்டம் நிக்கிறதுக்கும் இதுவே காரணம். ஒன்பது மணி வெயில்ல தரை சூடானதும் அது கலைஞ்சுடும். எட்டு புள்ளியை ஒரு தாள்ல வரைஞ்சு பாருங்க. நேர்க்கோடு வந்தா ஒரு கதை, வளைஞ்சா இன்னொரு கதை.

2. பதினஞ்சு நிமிஷம், ஒரே இடம்

ரெண்டாவது வேலை பறவை எண்ணுறது. "எனக்குக் காக்காயும் குருவியும்தான் தெரியும்"னு சொல்றவங்களும் செய்யலாம்.

தமிழ்நாட்டுல 2015ல இருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. பொங்கல் லீவு நாலு நாள்ல எந்த இடத்துல இருந்தாலும், குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் பறவைகளைப் பார்த்து, எது எத்தனைன்னு எழுதி, இ-பேர்ட் தளத்துல ஏத்தணும். அவ்வளவுதான். ரூம் வாசல் படியிலயே உட்காரலாம்.

கொல்லிமலையில முதல்ல கண்ணுல படுறது செம்மீசைச் சின்னானா இருக்கும். தலையில கூரான கொண்டை, கன்னத்துல சின்னச் சிவப்பு, வாலுக்கு அடியில இன்னொரு சிவப்பு. ஓடைப் பக்கம் போனா சாம்பல் வாலாட்டியைத் தேடுங்க. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், வால் நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும். இது நம்ம ஊர்ப் பறவை இல்ல. இமயமலையிலயும் அதுக்கு வடக்கேயும் முட்டை வெச்சுட்டு, குளிர்காலத்துக்கு நம்ம மலை ஓடைகளுக்கு வருது. அதுவும் உங்களை மாதிரி சீசனுக்கு வந்த ஆளுதான்.

இதுல டேட்டா ஆளுங்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் இருக்கு. பார்த்த எல்லாப் பறவையையும் பதிவு பண்ணினா அது "முழுப் பட்டியல்". அப்போ அதுல இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆயிடுது. அங்கே, அந்த நேரத்துல, அது கண்ணுல படலைன்னு அர்த்தம். 2023ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது இப்படி ஆயிரக்கணக்கான பேர் போட்ட பட்டியல்களை வெச்சுத்தான். நீலகிரிக்கும் வால்பாறைக்கும் பைனாகுலரோட நிறைய பேர் போறாங்க. கொல்லிமலை மாதிரி கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்குப் போறவங்க குறைவு. அதனால உங்க பதினஞ்சு நிமிஷத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

3. காபி காயறதைப் பார்க்கிறது

சிரிக்காதீங்க, நிஜமாவே இது ஒரு வேலை. டிசம்பர், ஜனவரியில கொல்லிமலையில காபிப் பழம் சிவக்குது, பறிக்கிறாங்க. ஜனவரி தாண்டினா மிளகும் சேர்ந்துக்கும். சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறியிருக்கும், அந்த நிழல்ல காபிச் செடி. வீட்டு முற்றத்துலயும் சாலையோரத் தார்ப்பாயிலயும் பரப்பிக் காய வெச்சிருப்பாங்க.

பறிச்ச காபியில ஈரம் பாதிக்கு மேல. அதைச் சுமார் 10, 11 சதவீதத்துக்குக் கொண்டு வரணும். பழத்தோட காய வெச்சா ரெண்டு வாரம்கூட ஆகும். ஒரே பக்கம் காயக் கூடாதுன்னு அடிக்கடி கிளறி விடணும். சாயங்காலம் பனி இறங்கறதுக்கு முன்னாடி குவிச்சு மூடணும். ஒரு ராத்திரி நனைஞ்சா பூஞ்சை பிடிக்கலாம், கப்புல நாத்தம் வரும், விலை போகும். மிளகுல வேற வேடிக்கை. பச்சையா பறிச்ச மிளகு வெயில்ல காயும்போது தோல்ல இருக்கிற நொதி வேலை செஞ்சு கறுப்பாக்குது. அதே கொடியில நல்லா பழுத்ததைப் பறிச்சு, ஊற வெச்சுத் தோலை எடுத்தா வெள்ளை மிளகு.

செம்மேட்டுப் பக்கம் ஒரு வீட்டு வாசல்ல நின்னு, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டேன். "எடுத்துக்கோங்க தம்பி. மிதிச்சுடாம எடுங்க. காலையில ஒரு கார்காரர் இதும்மேலயே ஏத்திட்டுப் போயிட்டாரு"ன்னாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கலாம். நமக்குப் பொழுதுபோக்கா தெரியறது அந்த அக்காவுக்கு ஒரு வருஷ வருமானம். லீவு நாள்ல அங்கே போற நாம, வேலை நடக்கிற இடத்துக்குள்ள நுழையறோம். நம்ம ஆபீஸ்ல டெட்லைன் அன்னைக்கு இருபது பேர் வந்து டெஸ்க் பக்கத்துல செல்ஃபி எடுத்தா எப்படி இருக்கும்? கேட்டுட்டு நில்லுங்க. வண்டியைத் தள்ளி நிறுத்துங்க. முடிஞ்சா அவங்ககிட்டயே கால் கிலோ மிளகு வாங்குங்க.

4. சாமைச் சோறு ஆக்குறது

மதியத்துக்கு இது. ரூம்ல அடுப்பு இருந்தா அங்கேயே, இல்லேன்னா வாங்கிட்டு வந்து வீட்டுல.

கொல்லிமலையோட பழங்குடி மக்கள் மலையாளிகள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம் சொல்வாங்க. அவங்களோட பழைய சாப்பாடு சாமை, கேழ்வரகு, தினை. சாமையிலேயே பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமைன்னு பல ரகம். குறைஞ்ச நாள்ல விளையறது ஒண்ணு, அதிக நாள் எடுக்கிறது ஒண்ணு. மழை எப்படிப் பெய்யுதுன்னு பார்த்து விதைக்கிறதுக்குக் கையில எப்பவும் ஒரு மாற்று இருந்தது.

அந்த வயல் நிறைய மரவள்ளியா மாறிடுச்சு. மரவள்ளிக்குக் கீழே சேகோ ஆலைகள் காசு கொடுக்குது. ரேஷன்ல அரிசி கிடைக்குது. இன்னொரு காரணத்தை வெளியில இருந்து பார்க்கிற நாம யோசிக்கவே மாட்டோம். அது உமி. சாமை மணி கடுகை விடக் கொஞ்சம்தான் பெருசு, உமி கெட்டி. உரல்ல போட்டு இடிச்சு, புடைச்சு, மறுபடி இடிச்சு... இந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில. அரிசி வந்ததும் யாரு இடிப்பா? அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து இங்கே வேலை செஞ்சப்போ விதையோட நிக்காம, கிராமத்துலயே சின்ன அரவை மில் வைக்கிறதையும் ஒரு முக்கிய வேலையா எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் இதுதான்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்சப்போ நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனா ஒரு ரகம் வயல்ல இருந்து போச்சுன்னா அதைத் திரும்பக் கொண்டு வர்றது லேசு இல்ல. விதை அடுத்த வருஷமும் விதைக்கப்படணும்னா, இந்த வருஷம் யாராவது சாப்பிடணும். அதனால மலையில விக்கிற சாமை அரிசியை அங்கேயே வாங்குங்க.

ஆக்குறது சுலபம். ஒரு கப் சாமையைக் கழுவி இருபது நிமிஷம் ஊற வெச்சு, ரெண்டரை கப் தண்ணி கொதிச்சதும் போட்டு, மூடி, தணல்ல வேக விடுங்க. மேலே இருந்து ஆக்கினா கொஞ்சம் கூட நேரம் கொடுங்க. 1000 மீட்டர் உயரத்துல தண்ணி 97 டிகிரிக்குள்ளயே கொதிச்சுடும், 100 வரை போகாது. காலையில தெர்மாமீட்டர்ல பார்த்த அதே காற்றழுத்தக் கதை இப்போ பானைக்குள்ள. காலையில வாங்கின மிளகைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வெச்சா மதியம் முடிஞ்சுது.

5. ராத்திரி: திருவாதிரையைத் தேடுங்க

அஞ்சாவது வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்வெட்டரும், நிலா இல்லாத ராத்திரியும் போதும். டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை மேகம் தொந்தரவு பண்ணலாம், ஜனவரி பரவாயில்ல. இதே கிழக்குத் தொடர்ச்சியில இருக்கிற ஜவ்வாது மலையிலதான், காவலூர்ல, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல இருந்து இயங்குது. நமக்குக் கண்ணு போதும்.

ஜனவரி முதல் வாரம், ராத்திரி எட்டு மணி. கிழக்கே பார்த்து நில்லுங்க. மூணு நட்சத்திரம் ஒரே வரிசையில, கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும். அதுதான் ஓரியன் இடுப்புப் பட்டை. அதுக்கு இடது பக்கம் செம்மஞ்சளா ஒண்ணு இருக்கும். அது திருவாதிரை. பட்டையோட கோட்டை மேலே நீட்டினா சிவப்பா ரோகிணி, இன்னும் மேலே போனா கொத்தா கார்த்திகை. கீழே நீட்டினா ராத்திரி வானத்தோட பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ்.

காலண்டர்ல படிச்ச பேரு எல்லாம் இப்போ கண்ணு முன்னாடி. கார்த்திகை மாசத்துப் பௌர்ணமி நிலா கார்த்திகை கொத்துக்குப் பக்கத்துல வரும், அதுதான் தீபம். மார்கழியில நிலா திருவாதிரைப் பக்கம் வரும், அதுதான் ஆருத்ரா தரிசனம். வானத்தைப் பார்த்துத்தான் காலண்டர் போட்டாங்க. நாம இப்போ காலண்டரைப் பார்த்து வானத்தைத் தேடுறோம்.

2019 கடைசியில திருவாதிரை திடீர்னு மங்கிப் போய், வெடிக்கப் போகுதோன்னு உலகமே பேசிச்சு. அதுவே கக்கின தூசு மறைச்சதுதான் காரணம்னு அப்புறம் தெரிஞ்சுது. அது குறைஞ்சது 500 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. அதனால நீங்க பார்க்கிற வெளிச்சம் விஜயநகர ஆட்சிக் காலத்துலயோ, அதுக்கும் முன்னாடியோ கிளம்பினது.

அவ்வளவுதான் மக்களே. அஞ்சையும் ஒரே நாள்ல பண்ணணும்னு இல்ல. அப்படிப் பண்ணினா அதுவும் ஒரு டாப் 5 லிஸ்ட் ஆயிடும். ஒண்ணை எடுத்துக்கோங்க. தெர்மாமீட்டர் எடுத்துட்டுப் போறவங்க எட்டு ரீடிங்கையும் எனக்கு அனுப்புங்க. எந்த வளைவுல கோடு வளையுதுன்னு எல்லாரோடதையும் ஒரே கிராஃப்ல போட்டு அடுத்த எபிசோட்ல பார்ப்போம். சாமை வாங்கினவங்க எந்த ரகம்னு விக்கிறவங்ககிட்ட கேட்டு, அந்தப் பேரையும் எழுதி அனுப்புங்க. அந்தப் பேர்களை அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.