ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்குப் பள்ளியில் ஆதரவு பெறுவது எப்படி?

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) மூளை வளர்ச்சி தொடர்பான ஒரு நிலை. உலக அளவில் ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. இது சோம்பலும் அன்று. வளர்ப்பில் நேர்ந்த குறையும் அன்று. இக்குழந்தைகளால் ஓரிடத்தில் அமர்வதும், பாடத்தில் கவனத்தை நிறுத்துவதும், தொடங்கிய வேலையை முடிப்பதும் எளிதில் இயலாது. சில குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், துறுதுறுப்பு இன்றி அமைதியாகவே கவனம் சிதறுவர். ஆகவே இவர்களது குறைபாடு நெடுநாள் கண்டறியப்படாமல் போகலாம்.

கதிர்காமம் மற்றும் சுற்றுப்பகுதியில் வாழும் பெற்றோர், மருத்துவமனையிலும் பள்ளியிலும் எவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் மருத்துவ மதிப்பீடு

கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தை நலப் பிரிவையோ மனநலப் பிரிவையோ அணுகலாம். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநல மருத்துவத் துறை உள்ளது. 18 வயது வரையுள்ளோருக்கான தேசியக் குழந்தைகள் நலத் திட்டமும் (ஆர்.பி.எஸ்.கே.) ஏ.டி.எச்.டி.யைத் தன் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் உங்கள் ஐயத்தைத் தெரிவிக்கலாம்.

இக்குறைபாட்டை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். ஆதலால் ஆசிரியரின் கருத்து மருத்துவருக்கு இன்றியமையாதது. மருத்துவமனைக்குச் செல்லும்போது வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பு, மதிப்பெண் அட்டைகள், இரண்டு மூன்று பாட ஏடுகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதித்துக்கொள்வதும் அவசியம்.

சான்றிதழ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

பெற்றோர் பலர் குழப்பமடையும் இடம் இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. எனவே இந்நிலை மட்டும் உள்ள குழந்தைக்குப் பொதுவாக மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஆனால், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அப்பட்டியலில் உள்ளன. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் பலருக்கு வாசிப்பது, எழுதுவது, கணக்கிடுவது ஆகியவற்றில் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதைத் தனியாக மதிப்பிடுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயது நிறைந்த பின்னரே வழங்கப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்யப்படும்.

ஆகவே பள்ளி ஆதரவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வகுப்பறையில் அன்றாடம் தேவைப்படும் உதவி ஒன்று, பொதுத்தேர்வுச் சலுகை மற்றொன்று. முதலாவதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குச் சான்றிதழ் தேவை.

வகுப்பறையில் கேட்கக்கூடியவை

மருத்துவரின் அறிக்கையை இணைத்துத் தலைமையாசிரியருக்கு எழுத்து வடிவில் விண்ணப்பம் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பொதுவாக ‘உதவி வேண்டும்’ என்று எழுதாமல், தேவையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்:

• ஆசிரியருக்கு அருகில், சன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி முன்வரிசை இருக்கை
• ஒரு நேரத்தில் ஒரே அறிவுறுத்தல். நீண்ட பயிற்சிகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருதல்
• கரும்பலகையைத் துடைப்பது, ஏடுகளை எடுத்துத் தருவது போன்ற பொறுப்புகள் வழியாக எழுந்து நடமாட வாய்ப்பு
• வீட்டுப்பாடம் குறிப்பேட்டில் முழுமையாக எழுதப்பட்டுள்ளதா என்று பள்ளி முடியும் முன் சரிபார்த்தல்
• நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று இலக்குகளை மட்டும் குறிக்கும் சிறு அட்டை. அதை ஆசிரியர் நிரப்ப, பெற்றோர் அன்று மாலையே பார்த்துப் பாராட்டுதல்

சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்கள் பணியாற்றுகின்றனர். உங்கள் பள்ளிக்கு வருபவர் யார், எந்த நாளில் வருவார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டறியுங்கள். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை ஆசிரியரைச் சந்தித்து, பயன் தந்தவற்றைத் தொடரவும் பயனற்றவற்றை மாற்றவும் வேண்டும். மருத்துவர் மருந்து பரிந்துரைத்திருந்தால், அதன் பலனையும் பக்கவிளைவுகளையும் கவனித்துச் சொல்லுமாறு ஆசிரியரிடம் கேளுங்கள்; நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

பொதுத்தேர்வுச் சலுகைகள்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. சட்டப் பட்டியலில் உள்ள குறைபாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற மாணவருக்கு இவ்வாரியம் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்கிறது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாக வழங்குகிறது. மொழிப்பாடத்திலும் சில தளர்வுகளை அளிக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்ல வேண்டும். 10ஆம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது மருத்துவமனைக்கு ஓடினால் காலம் போதாது. 8ஆம் வகுப்பு முடிவதற்குள் மதிப்பீட்டை நிறைவுசெய்து, 9ஆம் வகுப்புப் பதிவின்போதே பள்ளியிடம் தெரிவித்துவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பள்ளிகளில் நடைமுறை வேறுபடும். அதையும் 9ஆம் வகுப்பிலேயே கேட்டறிவது நல்லது.

பள்ளி மறுத்தால்

கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கக் கல்வியை, அதாவது 8ஆம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. ‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், அதை எழுத்து வடிவில் தருமாறு பணிவுடன் கேளுங்கள். தீர்வு கிடைக்காவிடில், விண்ணப்ப நகலுடன் பள்ளிக் கல்வி இயக்ககத்தை அணுகலாம். குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்கலாம்.

பள்ளிக்குச் செல்லவே குழந்தை அஞ்சினாலோ, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று திரும்பத் திரும்பக் கூறினாலோ தாமதிக்க வேண்டாம். மருத்துவரைச் சந்தியுங்கள், அல்லது டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 ஐ அழையுங்கள். இது கட்டணமற்றது, நாள் முழுவதும் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம்.