கம்பஸ் கிடைத்த மகளை அனுப்பலாமா?

மகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்றால் திருகோணமலையில் பல வீடுகளில் சந்தோசத்தோடு பயமும் வருகிறது. 2007 யூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. என்றாலும் தாய்மாருக்கு அந்த நினைவு போகவில்லை.

அங்கு படிக்கும் எமது பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் மொழியைத்தான் சொல்கிறார்கள். பாடசாலையில் தமிழில் படித்தவர்களுக்கு ஆங்கில விரிவுரை ஆரம்பத்தில் விளங்குவதில்லை. கடைக்குப் போனால் சிங்களம் வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகையும் சாப்பாடும் பெரிய செலவு. 'கோட்டாவில் வந்தவள்' என்ற பேச்சும் நோகிறது. கலை தவிர்ந்த பல பாடநெறிகளில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. எமது மாவட்டமும் அவற்றில் ஒன்று. யுத்தத்தில் ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் இழந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அது உரிமை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு சொன்னாலும், திரும்பி வர அவர்கள் விரும்பவில்லை. தனியாகப் பயணம் செய்யவும், சிங்கள, முஸ்லிம் தோழிகளோடு பழகவும், தன் கருத்தைத் துணிந்து சொல்லவும் அங்குதான் பழகினோம் என்கிறார்கள்.

தாய்மார் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது. அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்கள் மகாபொல உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்; மகள் முறையிட்டால் அவள் பக்கம் நில்லுங்கள். பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களில் ஆங்கிலம் படிக்க விடுங்கள். பயத்தினால் மட்டும் அவளை மறிக்காதீர்கள்.