பிரதிநிதியின் மனச்சான்றும் வாக்காளரின் விருப்பமும்

தொகுதி மக்களுள் பெரும்பாலோர் ஒன்றை விரும்புகின்றனர். அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ அது தவறு என்று உளமார நம்புகிறார். மன்றத்தில் அவர் எவ்வாறு வாக்களிக்க வேண்டும்? இவ்வினா அரசியல் நூலோர்க்கு மட்டும் உரியதன்று. சேகரத்தின் சார்பில் திருமண்டலப் பேரவைக்குச் செல்லும் சபையாரும் இதே வினாவை எதிர்கொள்ளுகின்றனர். “நாங்கள் சொன்னபடி கையுயர்த்தத்தானே உம்மை அனுப்பினோம்” என்ற சொல்லைக் கேளாத பேரவை உறுப்பினர் நம்மிடையே அரியர். ஆயினும் இக்கட்டுரையில் நாம் நாட்டின் மன்றங்களைப் பற்றியே ஆராய முற்படுகிறோம். அதற்குப் பொதுவான தத்துவங்களை அடுக்குவதைவிட, இவ்வினா வெளிப்படையாக எழுந்து, விடையும் கூறப்பட்டு, அவ்விடைக்கு விலையும் கொடுக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியை உற்றுநோக்குவது பயன் தரும்.

1774-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெருந்துறைமுக நகரங்களுள் ஒன்றான பிரிஸ்டல், பாராளுமன்றத்திற்கு இருவரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் ஹென்றி க்ரூகர். நியூயார்க்கில் பிறந்த வணிகர். மற்றவர் அயர்லாந்தில் பிறந்த எட்மண்ட் பர்க். வெற்றி அறிவிக்கப்பட்டதும் க்ரூகர் முதலில் எழுந்து, தம்மை அனுப்பிய மக்கள் தமக்குக் கட்டளையிடும் உரிமை உடையவர்கள் என்று ஏற்றுக்கொண்டார். நவம்பர் 3 அன்று பர்க் அதனை மறுத்துப் பேசினார். தம் ஓய்வையும் இன்பத்தையும் வாக்காளருக்காகத் துறப்பதும், எப்போதும் அவர்களுடைய நலனைத் தம் நலனுக்கு மேலாக வைப்பதும் பிரதிநிதியின் கடமை. ஆனால் தம் தீர்ப்பையும் மனச்சான்றையும் அவர்களுக்காகத் துறப்பது கடமையாகாது. அவை வாக்காளர் தந்தவை அல்ல, இறைவனின் அருளால் ஒப்படைக்கப்பட்டவை. இதுவே அவ்வுரையின் சாரம். பாராளுமன்றம் என்பது பகை நாடுகளின் தூதர்கள் கூடிப் பேரம் பேசும் இடமன்று, ஒரே நாட்டின் பொது நலனை ஆராயும் அவை என்றும், வாதங்களைக் கேட்போர் ஓரிடத்திலும் முடிவு செய்வோர் முந்நூறு மைல்களுக்கு அப்பாலும் இருப்பது எவ்வகை ஆராய்ச்சி என்றும் அவர் வினவினார்.

வெற்றி பெற்ற நாளில் இவ்வாறு பேசுவது எளிது. அடுத்த ஆறு ஆண்டுகள் அவ்வுரையைச் சோதித்தன.

1778-இல் அயர்லாந்தின் வணிகத்தின்மீது இருந்த தடைகளைத் தளர்த்தும் மசோதாக்கள் வந்தன. அயர்லாந்தின் சரக்கு தங்கள் சந்தையைக் கெடுக்கும் என்று பிரிஸ்டல் வணிகர் அஞ்சி எதிர்த்தனர், பர்க் ஆதரித்தார். அதே ஆண்டில் ரோமன் கத்தோலிக்கர்மீது இருந்த கொடிய சட்டங்கள் சிலவற்றை நீக்கும் சட்டம் நிறைவேறியது, அதனையும் ஆதரித்தார். கடன்பட்டவரைக் கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி காலவரையின்றிச் சிறையில் வைத்திருக்கும் வழக்கத்தை மாற்ற முயன்ற மசோதாவுக்கும் அவருடைய ஆதரவு இருந்தது. கடன் கொடுத்தோர் நிறைந்த வணிக நகரில் இது எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். போதாக்குறைக்கு, அவர் தம் தொகுதிக்கு வருவதே அரிது என்ற குறையும் சேர்ந்தது. அக்குறை நியாயமானதே என்பது நம் கருத்து.

கத்தோலிக்கர் சட்டத்தைக் குறித்து இங்கு சற்று நிற்க வேண்டும். அச்சட்டத்தை நீக்கக் கோரி 1780 ஜூன் மாதம் இலண்டனில் எழுந்த கலகத்தில் சிற்றாலயங்கள் எரிக்கப்பட்டன, சிறைகள் உடைக்கப்பட்டன, பல நூறு பேர் மாண்டனர். அதற்கு வித்திட்ட கூட்டமைப்பு தன்னைப் புராட்டஸ்டண்டுச் சங்கம் என்றே அழைத்துக்கொண்டது. நம் பெயரைத் தாங்கிய ஒரு கூட்டம் மக்களின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கியதை, புராட்டஸ்டண்டு இறையியல் கற்கும் நாம் மறவாதிருப்பது நலம்.

1780 செப்டம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. பர்க் பிரிஸ்டல் நகர மன்றத்தில் எழுந்து, தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறினார். எதற்கும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தாம் செய்தது ஏன் என்று விளக்கினார். சில நாட்களில், வெல்லும் வாய்ப்பில்லை எனக் கண்டு போட்டியினின்று விலகினார். நகரம் வேறு இருவரைத் தேர்ந்தெடுத்தது.

வழக்கமாக இக்கதையை இவ்விடத்திலேயே முடித்து, மனச்சான்றுக்காகப் பதவியை இழந்த மாமனிதர் என்று பர்க்கைப் போற்றி விடுவர். ஆனால் அவர் பாராளுமன்றத்தை இழக்கவில்லை. அவருடைய புரவலராகிய ராக்கிங்ஹாம் பிரபுவின் செல்வாக்கில் இருந்த மால்டன் என்னும் சிற்றூர் அவரை உடனே தேர்ந்தெடுத்தது. 1794 வரை அவ்வூரின் உறுப்பினராகவே இருந்தார். அங்கு வாக்காளர் சிலரே. அவர்களும் பிரபு விரும்பியவருக்கே வாக்களித்தனர். ஆகவே பிரிஸ்டலில் மனச்சான்றுக்கு இருந்த விலை மால்டனில் இல்லை. வாக்காளருக்கு அடங்காத பர்க், ஒரு பிரபுவின் தயவில் அமர்ந்திருந்தார் என்று ஒருவர் கூறினால் அதனை முற்றிலும் மறுக்க இயலாது. வாக்குரிமையை விரிவாக்கும் முயற்சிகளையும் அவர் எதிர்த்து வந்தார். மனச்சான்றின் சுதந்திரத்தைப் பேசுகிறவர், தம்மைக் கேள்வி கேட்கக்கூடியோரின் தொகையைக் குறைவாகவே வைத்திருக்க விரும்புவது அச்சுதந்திரத்தைப் பற்றி நமக்கு ஐயத்தை உண்டாக்குகிறது.

எனினும் அந்த மால்டன் இருக்கையிலிருந்துதான் அவர் நம் மண்ணைப் பற்றிப் பேசினார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கு ஆங்கிலேயர் சிலர் பெரும் வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தனர்; ஈடாகக் கர்நாடகத்துச் சீமைகளின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. அக்கடன்களின் உண்மையை ஆராயாமலே, ஆண்டுதோறும் 4,80,000 பவுண்டு கர்நாடக வருவாயிலிருந்து ஒதுக்கித் தீர்க்கும்படி பிட்டின் அரசாங்கம் ஏற்பாடு செய்தது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் இதனை எதிர்த்துப் பேசினார். 1780-இல் தொடங்கிய ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழாகியிருந்த நாட்டின் உழவர், இலண்டனில் செல்வராய் வாழ்வோரின் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. அவ்வுழவருக்கு அம்மன்றத்தில் ஒரு வாக்கும் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கோ இருக்கைகளே இருந்தன: அவர்களுள் முதல்வரான பால் பென்ஃபீல்டு 1780-இல் தாமே உறுப்பினரானவர்; தம்மையும் சேர்த்து எண்மரை அவர் மன்றத்திற்குள் கொண்டுவந்தார் என்று பர்க் குற்றஞ்சாட்டினார். வாக்கெடுப்பில் பர்க்கின் தரப்பு தோற்றது. (அவருடைய உறவினரென அழைக்கப்பட்ட வில்லியம் பர்க் தஞ்சை அரசரின் முகவராயிருந்தார் என்பதையும், தஞ்சைக்கும் நவாபுக்கும் பகை இருந்ததையும் இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தூய மனச்சான்று என்று நாம் போற்றுவதில் இத்தகைய கலப்பு எப்போதும் உண்டு.)

இப்போது பிரிஸ்டல் குற்றச்சாட்டுகளை மீண்டும் நோக்குவோம். அயர்லாந்தார், கத்தோலிக்கர், சிறைப்பட்ட கடனாளிகள்: இவர்களுள் பிரிஸ்டலின் தேர்தலில் பர்க்கைத் தண்டிக்கவோ காக்கவோ வல்லவர் எவரும் இல்லை எனலாம். வாக்காளரின் விருப்பம், வாக்கில்லாதோரின் தோள்மேல் சுமையை ஏற்றுவதாயிருந்தது. பர்க் மறுத்தது அவ்விருப்பத்தையே. இதுதான் இவ்வழக்கின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம். கொள்கையா, வாக்காளரா என்று பொதுப்படக் கேட்பதைக் காட்டிலும், வாக்காளர் கேட்பதன் சுமையை யார் சுமக்கப்போகிறார்கள் என்று கேட்பதே தெளிவு தரும்.

திருமறையும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1 சாமுவேல் 15-இல் சவுல், தாம் மக்களுக்கு அஞ்சி அவர்கள் சொல்லைக் கேட்டதாக ஒப்புக்கொள்ளுகிறார். அதுவே அவருடைய குற்றம். மாற்கு 15-இல் பிலாத்து கூட்டத்தைத் திருப்தி செய்யக் குற்றமற்றவரை ஒப்புக்கொடுக்கிறார். ஆனால் 1 இராஜாக்கள் 12-இல் ரெகொபெயாமின் குற்றம் நேர்மாறானது: மக்கள் சொல்லை அவர் கேட்கவில்லை. அம்மக்கள் கேட்டது பிறர்மேல் சுமை வைக்கும்படி அன்று. தங்கள் கழுத்திலிருந்த நுகத்தை இலகுவாக்கும்படியே. நம் பிரசங்க மேடைகளில் சவுலின் கதை அடிக்கடி ஒலிக்கிறது. ரெகொபெயாமின் கதையோ வாலிபர் கூட்டங்களில் தீய நண்பர்களைப் பற்றிய எச்சரிக்கையாகவே பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. அது ஆளுகையைப் பற்றிய பகுதி என்பதை நாம் மீட்டெடுக்க வேண்டும். தன் வரி, தன் கூலி, தன் வயலுக்கு வரும் நீர் ஆகியவற்றைப் பற்றி மக்கள் பேசும்போது, அவர்களைவிட நன்றாய் அறிந்தவன் நான் என்று சொல்லும் பிரதிநிதி பர்க்கின் வழியில் நடக்கவில்லை. ரெகொபெயாமின் வழியிலேயே நடக்கிறார்.

பர்க்கும் இவ்வளவுகோலுக்கு முழுமையாக நின்றார் என்று சொல்ல முடியாது. பிரிஸ்டலின் செல்வத்தில் ஒரு பங்கு ஆப்பிரிக்க அடிமை வாணிபத்திலிருந்து வந்தது. அடிமை வாணிபத்தைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக ஒழிப்பதற்கான திட்டமொன்றை அவர் 1780-ஆம் ஆண்டளவில் எழுதினார். ஆனால் அமைச்சர் டண்டாசுக்கு அதனை அனுப்பியது 1792-இல்தான். வாக்கில்லாதோருள் மிகவும் வாக்கற்றவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். மன்றத்தில் அவ்வாணிபத்திற்கு எதிரான போராட்டத்தை 1789 முதல் நடத்தியவர் யார்க்‌ஷயர் உறுப்பினரான வில்பர்போர்ஸ். அச்சட்டம் 1807-இல்தான் நிறைவேறியது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். எவ்விருப்பம் பிறரைத் தாக்குகிறது, எது தம் சுமையைப் பற்றியது என்று தீர்மானிப்பவரும் அப்பிரதிநிதிதானே? தம் பிடிவாதத்திற்கு மனச்சான்று என்று பெயரிட்டுக்கொள்ள அவரால் இயலாதா? இயலும். அதற்குக் காப்பு ஒன்றே: மாறாக வாக்களித்தவர் மக்கள் முன் நின்று காரணம் கூறக் கடமைப்பட்டவர், அவரை விலக்க மக்கள் உரிமை பெற்றவர்கள். பிரிஸ்டல் வாக்காளர் பர்க்கைக் கைவிட்டது குறுகிய நோக்கத்தால் என்று நாம் நினைக்கலாம்; ஆயினும் கைவிடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அவரும் அவர்களிடம் வந்து கணக்கு ஒப்புவித்தார். ஆண்டுதோறும் வந்து ஒப்புவித்திருந்தால் தீர்ப்பு வேறாயிருக்கலாம். அவர் வந்தது ஏறத்தாழ இறுதியிலேயே.

நம் நாட்டில் இக்கணக்கு ஒப்புவித்தல் எங்ஙனம் நிகழ்கிறது? 1967 தேர்தலுக்குப் பின் பல மாநிலங்களில் உறுப்பினர்கள் பதவிக்காகவும் பணத்திற்காகவும் கட்சி மாறி, ஆட்சிகளைக் கவிழ்த்தனர். இதனைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பின் ஐம்பத்திரண்டாம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரும், வாக்களிக்காமல் விலகி நிற்பவரும், பதினைந்து நாட்களுக்குள் கட்சி அதனைப் பொறுத்துக்கொண்டாலன்றி, தம் பதவியை இழக்கக்கூடும். 1992-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதி செல்லும் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. விலைபோதலைத் தடுக்க எழுந்த விதி மனச்சான்றின் வாயையும் அடைக்கிறது. ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டமோ, உறுப்பினர் எவருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமல் தம் மனச்சான்றுக்கே உட்பட்டவர் என்று உரைக்கிறது. கட்சி மாறுதலின் கேட்டைக் கண்ட நாம் நம் விதியை முற்றும் நீக்கச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் நிலைபேற்றைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு அது போதும். ஏனைய மசோதாக்களுக்கு அது வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

இதன் விளைவை ஆயர்கள் தம் சேகரங்களிலேயே காணலாம். ஒரு சட்டத்தால் இடுக்கண் அடைந்த குடும்பத்தார் தங்கள் உறுப்பினரை அணுகினால், அவர் தாம் ஏன் ஆதரித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்சியின் கட்டளை என்று சொன்னால் போதும். பல வேளைகளில் அவர் எவ்வாறு வாக்களித்தார் என்பதையே அறிய வழியில்லை. நம் மன்றங்களில் மிகப் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறுகின்றன. பகுப்பு வாக்கெடுப்பு கோரப்பட்டாலொழிய எவர் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் பதிவதில்லை. பிரிஸ்டல் வணிகருக்குப் பர்க்கின் நிலை தெரிந்திருந்தது. எனவே அவர்கள் வினவினர், அவரும் விடை கூற நேர்ந்தது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் நம் ஆலயங்களுக்கு வரும்போது, அவர்களை வரவேற்று மாலையிடுவதோடு, கடந்த ஐந்தாண்டுகளில் எந்த மசோதாவுக்கு எவ்வாறு வாக்களித்தீர், ஏன் என்று கேட்கும் வழக்கத்தைச் சபையார் தொடங்கலாம். அதற்கு வேண்டிய மசோதாக்களின் பெயர்களையும் பொருளையும் முன்னரே படித்து அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பணியை ஆயர் மேற்கொள்ளலாம்.