ஆளைத் தெரிந்து வேலைக்கு வைப்போம்

சரக்கு வாங்கும்போது நாம் எத்தனை கவனமாக இருக்கிறோம்! துவரம்பருப்பு மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். புளியைப் பிட்டுப் பார்த்துக் கொட்டை எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். மிளகாயை முகர்ந்து பார்த்து விலை பேசுகிறோம். ஆனால், அந்தச் சரக்கையும் கல்லாவையும் குடோன் சாவியையும் யாரிடம் ஒப்படைக்கப் போகிறோமோ, அந்த ஆளைச் சேர்க்கும்போது மட்டும், "பையன் பார்க்க நல்லவனாகத் தெரிகிறான்" என்ற ஒரே வார்த்தையோடு முடித்துக்கொள்கிறோம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் தர்மபுரி மாவட்டத்து இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போய்விடுகிறார்கள். கடைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் வாசலில் வந்து நின்றவனை அன்றே சேர்த்துக்கொள்கிற நிலை. அவசரம் நியாயமானதுதான். ஆனால் அவசரத்தில் விட்ட பத்து நிமிட விசாரணைக்குப் பின்னால் பெரிய விலை கொடுக்க வேண்டி வரும் என்பதையே உறுப்பினர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தெரிந்த ஆள் என்பது மட்டும் போதாது

2022 ஆகஸ்ட் 13 அன்று சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் பட்டப்பகலில் நடந்த கொள்ளை பலருக்கும் நினைவிருக்கும். ஏறத்தாழ 32 கிலோ தங்கம் போயிற்று. போலீசார் முக்கியக் குற்றவாளியென்று கைது செய்தது வெளியாளை அல்ல. அதே நிறுவனத்தின் வேறொரு கிளை ஊழியரை. காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம் கொடுக்கப்பட்டது என்பது போலீசார் சொன்ன விவரம். தெரிந்த முகம் நீட்டியதை யார்தான் சந்தேகிப்பார்கள்? நகை சில நாட்களில் மீட்கப்பட்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

"நம்ம ஊர்க்காரன், நம்ம சொந்தம், நம்ம ஆளு" என்று ஜாதியையும் உறவையும் ஜாமீனாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது விசாரணை ஆகாது. உறவினர் என்பதால் கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டு நஷ்டப்பட்ட கடைகளும் உண்டு. முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்து முப்பது வருடம் நாணயமாக இருந்த கணக்குப்பிள்ளைகளும் உண்டு.

நாமறிந்த ஒரு கடையில் லைன் வசூலுக்குப் போன பையன் ஒரு மாலை திரும்பவில்லை. புகார் எழுதப் போனபோது முதலாளிக்குத் தெரிந்த முகவரி "பென்னாகரம் பக்கம்" என்பது மட்டுமே. தகப்பன் பெயர்கூடத் தெரியவில்லை. இன்னொரு கடையில் இரண்டு மூட்டை பருப்பு குறைந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் மேல் பழி விழுந்தது. அவன் அழுதுகொண்டே நின்றுவிட்டான். பிறகு பார்த்தால் லாரியிலேயே மூட்டை குறைவாக இறங்கியிருக்கிறது. இறக்கும்போது யாரும் எண்ணிக் கையெழுத்து வாங்கவில்லை. முறையான பதிவு இருந்தால் திருடனும் அகப்படுவான், நாணயஸ்தனும் தப்புவான். இரண்டாவதுதான் முதலாவதைவிட முக்கியம் என்பது நம் கருத்து.

சேர்க்குமுன் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, இப்போது தங்கும் இடம், வீட்டார் இருவரின் தொலைபேசி எண், இதற்கு முன் வேலை செய்த இரண்டு இடங்கள், சேர்ந்த தேதி, பேசிய சம்பளம் ஆகியவற்றை எழுதி, ஒரு போட்டோ ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஆதார் இவற்றில் ஒன்றை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து நகல் வைத்துக்கொள்ளலாம். ஆதார் நகல் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதியே போதும். அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்; அது பிற்பாடு நமக்கே வம்பாக முடியும்.

அடுத்தது, பழைய முதலாளியிடம் நேரிலோ போனிலோ பேசுவது. எத்தனை காலம் இருந்தார், பணம் கையாண்டாரா, ஏன் விலகினார், மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று நான்கு கேள்வி போதும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் மற்றதெல்லாம் அடங்கிவிடும். குறை சொன்னால், பையனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாக்கிச் சம்பளம் கேட்டதற்காகக் கெட்ட பெயர் சூட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

நம்மிடம் அடுத்த வியாபாரி விசாரித்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். "தலைவலி தீர்ந்தால் சரி" என்று, தவறு செய்தவனை நல்லவன் என்று சொல்லி அடுத்த கடைக்குத் தள்ளிவிடுவது சக வியாபாரிக்குச் செய்யும் துரோகம். அதுபோல, நிரூபணம் இல்லாமல் ஒருவர் போட்டோவை வாட்ஸ்அப்பில் "திருடன்" என்று பரப்புவதும் கூடாது. அவதூறு வழக்கு நம் மேலேயே வரும்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில், வேலைக்குச் சேர்க்கும் ஆளின் பேரில் குற்ற வழக்கு இருக்கிறதா என்று சரிபார்க்கக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. வசூல், கல்லா, குடோன் காவல் ஆகிய பொறுப்புகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் முதல்முறை தவறு செய்பவன் பேரில் எந்தப் பதிவும் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டம் நம்மைக் கேட்கும் கேள்விகள்

வயது: 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 1986-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல் இவ்வாறு கடுமையாக்கப்பட்டது. 18 ஆகாதவரை அபாயகரமான தொழில்களில் வைக்கக் கூடாது. நம் சொந்தப் பிள்ளைகள் பள்ளி நேரம் போக, விடுமுறையில் கடையில் உதவலாம். அதுவும் படிப்புக்குக் குந்தகமில்லாமல். "பதினாறு ஆகிறது" என்று உடன் வருபவர் சொல்வதை நம்பாமல் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பாருங்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு உகந்த சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் கூறியிருக்கிறது.

வண்டி: சரக்கு வண்டி ஓட்ட வருபவரின் உரிமம் எந்த வகை வண்டிக்கு, எதுவரை செல்லும் என்று பாருங்கள். உரிமம் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் ரூ.5,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 18 ஆகாத பையனிடம் கடை மொபெட்டைக் கொடுத்து அவன் விபத்து போன்ற குற்றத்தில் சிக்கினால், வண்டி உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

உடல்நலம்: உணவுப் பொருளைக் கையால் தொடுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை. சேர்க்கும்போதே இதைச் செய்துவிட்டால் அதிகாரி வரும்போது தேடவேண்டியதில்லை.

முன்பணம்: முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் போய் உழைக்கும் குடும்பங்களை நம் மாவட்டம் நன்கு அறியும். ஆள் ஓடிவிடாமல் இருக்கட்டும் என்று பெரும் தொகை கொடுத்து, அது அடையும் வரை போகக் கூடாது என்று நிறுத்தி வைத்தால், 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. முன்பணம் ஆளைக் கட்டிப்போடும் கயிறு அல்ல. நல்ல சம்பளமும் தேதி தவறாத பட்டுவாடாவுமே ஆளை நிறுத்தும்.

வெளிமாநிலத் தொழிலாளர்

மூட்டை தூக்கவும் பொட்டலம் கட்டவும் இப்போது வடமாநிலத்தவரும் வருகிறார்கள். மொழி தெரியாது என்பதால் விவரமே வாங்காமல் மேஸ்திரி சொன்னதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வது சரியல்ல. ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், சொந்த ஊர் வீட்டு எண் வேண்டும். தொழிலாளர் துறை இணையதளத்தில் அவர்கள் விவரத்தைப் பதிவு செய்யவும் வசதி உண்டு. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவி அவர்களிடையே பீதி கிளம்பியது. அத்தகைய நேரத்தில் வீட்டார் எண் கையில் உள்ள முதலாளி நேரே பேசித் தைரியம் சொல்ல முடியும். பதிவு என்பது இரு தரப்புக்கும் காவல்.

சேர்த்த பின்பு

திருவள்ளுவர் "தெரிந்து தெளிதல்" என்ற அதிகாரத்துக்கு அடுத்தே "தெரிந்து வினையாடல்" என்ற அதிகாரத்தை வைத்தார். ஆளைத் தெரிந்தபின் வேலையைத் தெரிந்து கொடுப்பதும் நம் பொறுப்பு. முதல் மூன்று மாதம் கல்லாவும் வசூலும் வேண்டாம். எடை போடவும் சரக்கு அடுக்கவும் பழகட்டும். பில் போடுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர் என்று இருக்கட்டும். குடோன் சாவி வாங்கியவர், திருப்பியவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏறட்டும். கடை போனுக்கு வரும் ஓ.டி.பி. யாரும் கேட்டுச் சொல்லக் கூடாது. கியூ.ஆர். அட்டை நம்முடையதுதானா என்று தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு குறை வந்தால், இருப்பையும் பில்லையும் முதலில் சரிபாருங்கள். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேளுங்கள். சந்தேகம் உறுதியானால் போலீசில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஊழியர் செய்யும் திருட்டுக்குப் பிரிவு 306-ம், நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316(4)-ம் உள்ளன. இரண்டிலும் 7 ஆண்டு வரை சிறை. அதை விட்டுப் பையனைக் குடோனில் பூட்டி வைத்து அடித்து விசாரித்தால் வாதி பிரதிவாதி ஆகிவிடுவார்.

நோட்டுப் போடுவதைப் புதிய ஆளிடமிருந்து தொடங்கினால் அவர் மனம் கோணும். ஆகவே, கடையில் இருபது வருடமாக இருக்கும் மூத்தவரின் பக்கத்தை முதலில் எழுதுங்கள். காரணத்தையும் எல்லோர் முன்னும் சொல்லுங்கள். அவரே கையெழுத்துப் போட்டபின் அடுத்தவர் யாரும் தயங்கமாட்டார்.